மனநல டாக்டர் வராத இருபத்தொன்பது நாட்கள்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 18ஆம் பிரிவு கொஞ்சம் தாராளமானது. மனநோய் உள்ள எவரும், குழந்தையோ முதியவரோ, சிகிச்சைக்காக நெடுந்தூரம் போகும்படி ஆகக் கூடாது, குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சேவை கிடைக்க வேண்டும் என்கிறது. மாவட்டத்துக்குள் அரசின் குறைந்தபட்சச் சேவைகூட இல்லாமல் ஒருவர் அதே மாவட்டத்தில் வேறொரு மனநலச் சேவையில் பார்த்துக்கொண்டால், அந்தச் செலவை அரசே திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. 2018 மே 29 முதல் இது நடப்பில் உள்ள சட்டம். தூரத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசுகிற இந்தப் பிரிவு, சேவை போதிய அளவில் இருக்க வேண்டும் என்பதோடு நேரத்தை விட்டுவிடுகிறது. மாதத்தில் எத்தனை நாள், நாளில் எத்தனை மணி, ஆளுக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டால் அதில் பதில் கிடையாது.

கிராமத்து மனநலச் சேவையின் உச்சவரம்பு இருப்பதோ இந்த நேரக் கணக்கில்தான். சில நாடுகளில் அந்த வரம்பை விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அதை ஜீப்பும் பஸ்ஸும் ஓ.பி. வரிசையும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

தாலுகா ஆஸ்பத்திரியில் மனநல முகாம் நடக்கும் ஒரு நாளைப் பக்கத்திலிருந்து பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு மாவட்டத் தலைநகரிலிருந்து கிளம்பி வரும். மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் என்று தாளில் ஒரு முழுக் குழு. வண்டியிலிருந்து இறங்குவது பல நேரம் இரண்டு, மூன்று பேர், கூடவே மருந்துப் பெட்டிகள். ஊரிலிருந்து வரும் முதல் பஸ் எட்டு மணிக்கே இறக்கிவிட்டுவிடுவதால், சீட்டு வாங்கிக்கொண்டு வராண்டா பெஞ்சில் ஆட்கள் அப்போதே உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் நாற்காலியில் உட்காரும்போது ஒன்பதரை, பத்து ஆகிவிடும். பன்னிரண்டரையிலிருந்து பெஞ்சில் ஒரு பதற்றம் தெரிய ஆரம்பிக்கும். ஒரு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலு மணிக்குத்தான்.

"தூக்கம் வருதா?"

"வருது சார்."

"சாப்பிடுறாரா?"

"சாப்பிடுறாரு."

"மாத்திரையை நிறுத்தலையே?"

அம்மா மகனைப் பார்க்கிறார். மகன் தரையைப் பார்க்கிறான். "இல்லைங்க சார்." போன மாதம் எழுதிய மருந்தே நோட்டில் மறுபடி எழுதப்படுகிறது. அடுத்த தேதியும் போட்டாயிற்று.

அந்த ஒரு நொடித் தயக்கத்துக்குள் ஒரு கதை இருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியாமல் இருக்காது. அதைக் கேட்க உட்கார்ந்தால் வரிசையில் கடைசியாக நிற்கும் பத்துப் பேர் மருந்து வாங்காமல் பஸ் ஏற வேண்டியதுதான். அவர் செய்வது அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. கையில் இருக்கிற நேரத்தைப் பங்கு போடுகிறார், அவ்வளவுதான்.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முகாம் 3 மணி நேரம் நடக்கிறது, 60 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 3 நிமிடம். மாதம் ஒரு முறை என்றால் வருஷத்துக்கு 36 நிமிடம். மனச்சிதைவு நோயோடு (ஸ்கிசோஃப்ரீனியா) வாழும் ஒருவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அரசு மனநலச் சேவையோடு உள்ள தொடர்பு, ஒரு தவணைகூடத் தவறாமல் வந்தால், வருஷத்துக்கு ஒரு மணி நேரம்கூடத் தேறாது. சில தாலுகா மருத்துவமனைகளில் முகாம் வாரம் ஒரு முறை நடக்கும். அங்கே நிலைமை கொஞ்சம் தேவலாம். ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரைக்கும் போனால் மாதம் ஒரு நாள் கிடைப்பதே பெரிய விஷயம்.

எதிர்ப்பக்கத்துச் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த 3 நிமிடத்துக்காக அம்மாவும் மகனும் ஒரு பகலைக் கொடுக்கிறார்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பது இந்த இடத்தில் நிஜமான உதவி. ஆனால் அம்மாவின் அன்றைய கூலி போனது போனதுதான். களையெடுப்பு, நடவு நேரத்தில் முகாம் தேதி விழுந்தால் பல குடும்பங்கள் அந்த மாதத்தை விட்டுவிடும். ஒரு மாதம் விட்டால் மாத்திரை தீரும். தீர்ந்து சில வாரத்தில் தூக்கம் கெடும், அப்புறம் சந்தேகம் வரும், சத்தம் கேட்கும். இத்தனையும் நடந்து முடிவது டாக்டர் இல்லாத நாட்களில்.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. 1970களில் பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் சக்கலவாராவிலும், சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் ராய்பூர் ராணியிலும் கிராமங்களுக்குள் இறங்கிப் பார்த்தன. சாதாரண மருத்துவர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால், பெரும்பாலான மனநோயாளிகளை ஊரிலேயே பார்த்துக்கொள்ள முடியும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதை வைத்துத்தான் 1982இல் தேசிய மனநலத் திட்டம் எழுதப்பட்டது. 1985 முதல் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் அதைச் செய்துகாட்டினார்கள். 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் முதலில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து திருச்சி அதில் ஒன்று. மற்றவை மேடக், நகாவ்ன், சீகர்.

மூலத் திட்டத்தில் மனநல மருத்துவர் பயிற்சி கொடுப்பவர், மேற்பார்வை பார்ப்பவர். அன்றாடச் சிகிச்சை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் கையில். நடைமுறையில் இது தலைகீழாகிவிட்டது. காய்ச்சல், பிரசவம், சர்க்கரை, தடுப்பூசி என்று ஏற்கெனவே கழுத்து வரை வேலை இருக்கும் சுகாதார நிலைய டாக்டர், இரண்டு மூன்று நாள் பயிற்சிக்குப் பிறகு மனச்சிதைவுக்கு மருந்து எழுதத் தயங்குகிறார். "மனநல டாக்டர் வர்ற அன்னிக்கு வாங்க" என்கிறார். நிபுணர் ஊர் ஊராகப் போகும் சுற்றுப்பயணமாகத் திட்டம் மாறியது இப்படித்தான். நிபுணர்களின் எண்ணிக்கையோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2019இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி இந்தியாவில் 1 லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர். அவர்களிலும் பெரும்பாலோர் நகரங்களில் இருக்கிறார்கள். முகாமுக்குப் போகாத நாட்களில் மாவட்டக் குழுவின் மனநல மருத்துவருக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் குழு, அரசு இல்லங்கள், பள்ளி கல்லூரிக் கூட்டம், பயிற்சி வகுப்பு என்று வேறு வேலைகளும் காத்திருக்கும்.

நிம்ஹான்ஸ் தலைமையில் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் வரை. இந்த எண்ணை எல்லாக் கட்டுரையிலும் பார்க்கலாம். அதைச் சொன்ன கையோடு "இன்னும் டாக்டர்கள் வேண்டும்" என்று முடித்துவிடுவது வழக்கம். வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் டாக்டர் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் 36 நிமிடம் 72 நிமிடமாகும். மற்ற நாட்கள் அப்படியேதான் கிடக்கும்.

நேரம்தான் மருந்தையும் முடிவு செய்கிறது

வெளியே அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது எந்த மருந்து கொடுக்கலாம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சிதைவுக்கு க்ளோசபின் நல்ல மருந்து. ஆனால் அரிதாகச் சிலருக்கு அது வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதனால் முதல் 18 வாரம் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை செய்வது வழக்கமான முறை. மாதம் ஒரு முறை வரும் முகாமில் இதை ஆரம்பிக்க எந்த டாக்டருக்கும் துணிவு வராது. மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியமும் இதே சிக்கல்தான். ரத்தத்தில் அதன் அளவு ஒரு குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். உடலில் நீர் வற்றினால் அளவு ஏறி நஞ்சாகிவிடும். சித்திரை வெயிலில் செங்கல் சூளையில் நிற்கிறவருக்கு, அடுத்த மாதம்தான் பார்க்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்டே, அதை எழுதிக் கொடுப்பது லேசான முடிவு அல்ல.

கிராமத்து முகாம்களில் ஃப்ளுஃபெனசின் போன்ற நீடித்த ஊசிகள் இவ்வளவு கைகொடுப்பதற்கும் காரணம் நேரம்தான். ஒரு ஊசி இரண்டு முதல் நாலு வாரம் தாங்கும். "மாத்திரை போட்டியா, போட்டியா" என்று வீட்டில் தினமும் நடக்கும் சண்டை ஓயும். சரி, நல்லதுதான். ஆனால் கை நடுங்குகிறது, உடம்பு இறுகுகிறது, ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை என்று பக்கவிளைவு வந்தால் அதைச் சொல்ல அடுத்த ஊசி நாள் வரை ஆள் கிடையாது. அந்த மாதத்தை எப்படியோ ஓட்டியவர் அடுத்த முகாமுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். பதிவேட்டில் 'தொடர் சிகிச்சைக்கு வரவில்லை' என்று ஒரு வரி சேரும்.

பேச்சுச் சிகிச்சை இந்த வரம்புக்குள் நுழையவே முடிவதில்லை. மனச்சோர்வோடு வரும் பெண்ணுக்கு 3 நிமிடத்தில் கொடுக்க முடிந்தது ஒரு மாத்திரை அட்டைதான். கணவன் குடி, கடன், மாமியார், நின்றுபோன கல்யாணம் என்று அவர் சொல்ல வந்தவற்றில் பாதி "உடம்பெல்லாம் வலி, தலை சுத்துது, நரம்புத் தளர்ச்சிங்க" என்ற அளவிலேயே நின்றுவிடும்.

வரம்பை விதியாக எழுதினால்

அமெரிக்காவில் இதே பிரச்சினை வேறு உருவத்தில் இருக்கிறது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் சமூக அளவிலான மனநல ஆதரவுக்கு மாநிலங்கள் பெரும்பாலும் 15 நிமிடத்தை ஒரு அலகாக வைத்துப் பணம் தருகின்றன. ஒரு நாளைக்கு இத்தனை அலகு, வருஷத்துக்கு இத்தனை, அதற்கு மேல் முன் அனுமதி என்று வரம்புகள் உண்டு. கேட்டால் கொடுமையாகத் தோன்றும். ஆனால் வரம்பு ஏன் வந்தது என்பதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வட கரோலினா மாநிலத்தில் 2006இல் தொடங்கிய ஒரு சமூக ஆதரவுச் சேவைக்கு முதலில் கட்டுப்பாடு தளர்வாக இருந்தது. தனியார் நிறுவனங்கள் புற்றீசல் போலக் கிளம்பின, அதிகப் பயிற்சி இல்லாத ஊழியர்களின் மணிக்கணக்குகளுக்கெல்லாம் பில் வந்தது, செலவு மாநிலம் நினைத்ததைத் தாண்டி எங்கேயோ போனது. கட்டணத்தைக் குறைத்து, மணிகளைச் சுருக்கி, கடைசியில் அந்தச் சேவையையே மூட வேண்டியதாயிற்று. ஆக, மணிக்கணக்கை அளந்து வைக்காமல் திறந்துவிடுவதும் ஆபத்துதான்.

கிராமத்துக்கு வரும்போது இந்த 15 நிமிட அலகு இன்னொரு விதமாக உதைக்கிறது. நகரத்தில் ஊழியர் ஒரே தெருவில் நாலு வீடு பார்த்துவிடுவார். கிராமத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அந்த ஓட்டத்தைப் பெரும்பாலும் பில்லில் காட்ட முடியாது. 1970களில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் பிறந்த, வீடு தேடிப் போகும் தீவிரச் சமூகச் சிகிச்சை முறையில் ஏறத்தாழ 10 நோயாளிக்கு 1 ஊழியர், 24 மணி நேரமும் அழைக்கலாம் என்பது விதி. நகரங்களில் அது நன்றாகவே நடந்தது. ஆட்கள் சிதறி வாழும் இடங்களில் அதை அப்படியே நடத்துவது பெரும்பாடாக இருக்கிறது.

நமக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. கிராமத்தில் பயண நேரத்தைச் சேவை நேரமாகக் கணக்கில் கொள்ளாத எந்தத் திட்டமும், ஊழியர்கள் வீடு தேடிப் போவதை மெல்ல மெல்ல நிறுத்திவிடும். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. ஒரு நாளில் 60 பேரைப் பார்த்தோம் என்று அறிக்கை எழுதுகிறவரும், மூன்று வீட்டுக்குப் போய் வந்தேன் என்று எழுதுகிறவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் யார் வேலை செய்தவராகத் தெரிவார்?

எவ்வளவு நேரம் வேண்டும்?

இந்தக் கேள்விக்குத் திட்டவட்டமான சில பதில்கள் இருக்கின்றன. அவை நாம் பயப்படும் அளவுக்குப் பெரியவையும் அல்ல.

கோவாவில் சங்காத் என்ற அமைப்பு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு சோதனை நடத்தியது. கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் 6 முதல் 8 அமர்வுகள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் 30, 40 நிமிடம். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவுப்படி, மூன்று மாதத்தில் நோய் தணிந்தவர்கள் ஆலோசனை பெற்ற குழுவில் 64 சதவீதம், பெறாத குழுவில் 39 சதவீதம். ஒரு நோயாளிக்கு ஆன மொத்த நேரம் நாலைந்து மணி. அதில் ஒரு நிமிடம்கூட மனநல மருத்துவருடைய நேரம் அல்ல.

இன்னொன்று சென்னைக்கும் கொழும்புக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து ஊர்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்து மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை வைத்து நடத்திய ஆய்வு அது. ஒரு பாதியினருக்கு வீடு திரும்பும் முன் ஒரு மணி நேரப் பேச்சு, அதன் பிறகு 18 மாதத்தில் 9 தடவை தொலைபேசியிலோ நேரிலோ ஒரு சிறு விசாரிப்பு. மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 18 மாத முடிவில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் குழுவில் 0.2 சதவீதம், இரண்டாவதில் 2.2 சதவீதம். 2022இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 1 லட்சத்துக்கு 25.9 பேர் தற்கொலை செய்துகொண்ட மாநிலம் தமிழ்நாடு. தேசிய சராசரி 12.4. இங்கே ஒரு மணி நேரமும் 9 விசாரிப்பும் எல்லாத் தாலுகா ஆஸ்பத்திரியிலும் ஏன் வழக்கமாகவில்லை என்று கேட்டால் எனக்குச் சமாதானமான பதில் கிடைக்கவில்லை.

மூன்றாவது ஆய்வு மனச்சிதைவு பற்றியது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா என மூன்று இடங்களில் 282 பேர். சிலருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார்: மருந்து எடுப்பது, பக்கவிளைவு, குடும்பத்துச் சண்டை, வேலைக்குத் திரும்புவது, உதவித்தொகைக்கு எங்கே மனு கொடுப்பது என்று எல்லாம் பேசுவார். 2014இல் வந்த முடிவு மொத்தத்தில் சுமார்தான். பலன் இருந்தது, பெரிதாக இல்லை. ஆனால் இடம் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அறிகுறிகளும் இயலாமையும் தெளிவாகக் குறைந்தது தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பகுதியில். அந்தப் பகுதியில் பணியை நடத்தியது சென்னையின் ஸ்கார்ஃப், மனச்சிதைவு நோயாளிகளுக்காக டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய அமைப்பு. வேறு வசதிகள் குறைவாக இருந்த இடத்தில் வீடு தேடி வந்த ஒரு மணி நேரம் அதிக வேலை செய்தது என்றே இதை நான் படிக்கிறேன். ஊழியர்களின் மணி குறைவாகத்தான் இருக்கிறது, எங்கே முதலில் செலவழிப்பது என்று குழம்புகிறவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது.

இதே ஸ்கார்ஃப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓட்டிப் பார்த்தது. பஸ்ஸுக்குள் திரை. நோயாளி உள்ளே உட்கார, சென்னையிலிருந்து மனநல மருத்துவர் பேசுவார். எழுதிய மருந்தை அதே பஸ்ஸில் வாங்கிக்கொண்டு இறங்கலாம். மருத்துவரின் பயண நேரம் முழுக்கவே சிகிச்சை நேரமாக மாறியது. ஊர்க்காரர்களுக்கும் அரை நாள் மிச்சம். ஆனால் அந்தப் பஸ் நின்ற இடத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்ததும், வராதவரை வீட்டில் போய்ப் பார்த்ததும் உள்ளூர்க் களப்பணியாளர்கள்தான். திரை அவர்கள் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

24 மணி நேரமும் திறந்திருந்த இடங்கள்

"கோயிலுக்கும் தர்காவுக்கும் கூட்டிப்போய் நாளைக் கடத்துகிறார்கள், அறியாமை" என்று சலித்துக்கொள்கிறவர்கள் நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும். திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்கலாம். வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கவனித்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களுக்கு, மருந்தே இல்லாமல், நோய் அறிகுறி மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. மிரட்டாத, ஆதரவான சூழலில் இருந்ததே காரணமாக இருக்கலாம் என்றார்கள். கோயில் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது என்று ஆளுக்கு ஒரு சின்ன வேலை, கூடவே வீட்டார், யாரும் விரட்டாத ஓர் இடம். மாதம் 3 நிமிடத்தால் இதோடு போட்டி போட முடியுமா?

இதைச் சொல்லும்போதே ராமநாதபுரம் மாவட்டத்துத் தர்கா ஊரான ஏர்வாடியையும் சொல்லியாக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பகலும் இரவும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற குடும்பங்களின் தேவை நிஜம். அந்தத் தேவையை அரசு விட்டுவைத்த இடத்தில் காசு வாங்கிக்கொண்டு சங்கிலி போடுகிறவர்கள் நுழைந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, உரிமம் இல்லாத காப்பகங்கள் மூடப்பட்டன. அங்கே இருந்தவர்கள் வீடு திரும்பியபோது அந்த வீட்டுத் திண்ணையில் அவர்களுக்காகக் கூடுதலாக எந்தச் சேவையும் காத்திருக்கவில்லை.

இரவு நேரத்துக்கு இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற, அரசு மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். சாயங்காலம் குடித்துவிட்டு வந்த சண்டை, ராத்திரி பத்து மணிக்குப் பூச்சிமருந்து டப்பா என்று போகிற நிலைமைக்கு, காலை முகாம் ஒருபோதும் உதவாது. இந்த எண் உதவும். தயங்காமல் கூப்பிடலாம். ஆனால் ஒரே அறையுள்ள வீட்டில், பக்கத்தில் படுத்திருக்கும் கணவனைப் பற்றி அவன் போனிலேயே எப்படிப் பேசுவது? தொலைபேசி நேர வரம்பை உடைத்திருக்கிறது, தனிமை கிடைக்காத பிரச்சினை அப்படியே இருக்கிறது.

அப்படியென்றால் மிச்ச நாட்களை யார் பார்ப்பது? கிராம சுகாதார செவிலியர் என்று சட்டென்று சொல்லிவிடலாம். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அந்த ஐயாயிரம் பேரின் கர்ப்பம், தடுப்பூசி, குடும்பநலம், அத்தனைக்குமான பதிவேடும் அவர் தலையில் இருக்கிறது. அதன் மேல் இன்னொரு நோட்டை வைத்தால் எழுதத்தான் செய்வார். உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரம் இருக்காது.

எனக்குப் படுவது, முகாமில் வரும் குழுவுக்குள் டாக்டர் அல்லாதவர்களின் மணிகளைத்தான் முதலில் கூட்ட வேண்டும். உளவியலாளரும் சமூகப் பணியாளரும் பல இடங்களில் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். முகாம் நாளில் அவர்கள் சீட்டு எழுதவும் மருந்து எண்ணவும் நிற்கிறார்கள். அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, முகாமுக்கு வராதவர்களின் பட்டியலோடு அவர்களை வாரத்தில் இரண்டு நாள் ஊருக்குள் அனுப்பலாம். பயணத்தை வேலை நேரமாக எழுத வேண்டும், பெட்ரோல் காசு சொந்தப் பையிலிருந்து போகக் கூடாது. மாத அறிக்கையில் 'பார்த்தவர்கள்' என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே 'வராமல் போனவர்களில் எத்தனை பேரைப் பத்து நாளுக்குள் பார்த்தோம்' என்று ஒரு கட்டம் வேண்டும். அறிக்கையில் கட்டம் இருந்தால்தான் அதற்கு வேலை நடக்கும் என்பது அரசு அலுவலகம் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்குப் போவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மனநலத் திட்டத்தின் பெயர் எழுதிய ஜீப் தெருவில் வந்து நின்றால், அடுத்த வாரம் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வந்த வரன் திரும்பிப் போய்விடும். "நாங்களே வர்றோம் சார், நீங்க வீட்டுக்கு வராதீங்க" என்று கும்பிட்டுக் கேட்கிற குடும்பங்கள் உண்டு. இங்கேதான் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பயன்படும் என்று தோன்றுகிறது. அதன் தொடக்கப் பட்டியலில் ரத்த அழுத்தம், சர்க்கரை, இயன்முறைச் சிகிச்சை, வலி தணிப்பு போன்றவை இருந்தன, மனநோய் இல்லை. தெருவில் வரும் பெண் தன்னார்வலர் கையில் ஒரு பை இருக்கும். அதில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் இருப்பது ஊருக்கே தெரியும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே பையில் இன்னொரு அட்டையும் போனால் எந்த வீட்டுக்கு எது போகிறது என்று வெளியே தெரியாது. கூடவே இரண்டு நாள் பயிற்சியாக இல்லாமல், மாதம் ஒரு முறை அந்தத் தன்னார்வலரும் முகாமின் சமூகப் பணியாளரும் உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும், அதற்கும் அவருக்குப் படி கொடுக்க வேண்டும்.